வளரும் எலும்புகள்

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை, பங்கு மக்களில் ஒருவர் கூடை ஒன்றைக் கொண்டுவந்து பங்கு இல்லத்தின் திண்ணையில் வைத்தார். இரண்டு முறை உண்டியல் உடைக்கப்பட்ட கோயில் எங்களுடையது. “காவலுக்கு ஒன்று இருக்கட்டும், சாமி” என்றார். கூடைக்குள் எட்டு வாரங்களே ஆன அல்சேஷன் குட்டி ஒன்று சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தது. கோயில் கணக்கரின் எடைத்தராசில் வைத்தபோது எட்டுக் கிலோ இருந்தது. சமையல்காரர் அதற்குச் சீசர் என்று பெயரிட்டார். அதன்பின் ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்துவிட்டு வந்து, “சீசருக்குச் சேர வேண்டியதைச் செலுத்தியாச்சு சாமி” என்று நற்செய்தியை நினைவூட்டிச் சிரிப்பது அவருக்கு வழக்கமாயிற்று.

அல்சேஷன் என்று நாம் அழைப்பது ஜெர்மானிய மேய்ப்பு நாயைத்தான். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி என்ற சொல்லே ஆங்கிலேயர்களுக்குக் கசந்தபோது, எல்லையிலிருந்த அல்சேஸ் நாட்டின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அந்தப் பெயரே நம் ஊர் வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது. இந்த இனத்தை நிலைப்படுத்தியவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் முன்னாள் குதிரைப்படைத் தளபதி. 1899-இல் ஒரு நாய்க் காட்சியில் அவர் கண்டு வாங்கிய ஹோராண்ட் என்ற நாயே இனப் பதிவேட்டில் முதலிடம் பெற்றது. வேலி இல்லாத ஜெர்மானிய மேய்ச்சல் நிலங்களில், ஆட்டு மந்தைக்கும் அண்டை வயலின் பயிருக்கும் நடுவே நாள் முழுவதும் முன்னும் பின்னுமாய் நடந்து, தானே ஒரு வேலியாக நிற்பது இந்த நாயின் தொழில். சோர்வின்றி நீண்ட நேரம் நடக்க வேண்டிய உடல் என்பதால், அதன் நீளம் உயரத்தைவிடப் பத்து முதல் பதினேழு விழுக்காடு வரை மிகுந்திருக்க வேண்டும் என்பது இனத்தின் இலக்கணம். வளர்ந்த ஆண் நாய்க்குத் தோள் உயரம் 60 முதல் 65 சென்டிமீட்டர். எடை 30 முதல் 40 கிலோ.

இவற்றையெல்லாம் நான் ஒரு நூலில் படித்தேன். அதிலிருந்த வண்ணப்படத்தில் காது நிமிர்ந்து, மார்பு அகன்று, முதுகு சீராய்ச் சரிந்து கம்பீரமாக ஒரு நாய் நின்றது. என் மனத்தில் பதிந்துபோன படம் அது. ஆனால் ஆகஸ்ட் மாதம், ஐந்து மாதமான சீசர் அந்தப் படத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. உடலுக்கு ஒவ்வாத பெரிய பாதங்கள், குச்சி குச்சியாய் நீண்ட கால்கள், ஒடுங்கிய மார்பு. பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து, முதுகு தலையை நோக்கிச் சரிந்தது. ஒரு வாரம் நிமிர்ந்து நின்ற காதுகள் அடுத்த வாரம் தொங்கின. பிறகு ஒன்று நிமிர்ந்தது, மற்றது நெற்றியில் மடிந்து கிடந்தது. 28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் காலத்தில் காதுகள் இப்படித் தளர்வது இயல்பு என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஓடி வந்து நிற்க முயன்றால் பின்கால்கள் நிற்காமல் பக்கவாட்டில் சறுக்கும். கோயில் படிகளில் நாளுக்கு இரண்டு முறையாவது தடுக்கி விழும். விழுவதைப் பார்த்து எல்லாரும் சிரிப்போம். கனிவான சிரிப்புத்தான் அது.

எனினும் உள்ளூர எனக்கு ஒரு வெட்கம் இருந்தது. திருவிழாவுக்கு வரும் குருக்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள்? ஆகவே காலையில் அரை லிட்டர் பாலும் இரண்டு முட்டையும், மதியம் இறைச்சியும் எலும்பும் சேர்ந்த சோறும், இரவு மீண்டும் அதே அளவும் கொடுக்கச் சொன்னேன். எலும்பு உறுதிப்பட வேண்டுமே என்று மருந்துக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி, நாள்தோறும் இருவேளை நானே என் கையால் ஊட்டினேன்.

ஆகஸ்ட் 15 அன்று விண்ணேற்பு அன்னையின் பெருவிழா. பீடச்சிறுவர்களில் மூத்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். முந்தைய ஆண்டு பாடகர் குழுவில் கணீரென்று பாடியவன். அந்த ஆண்டு குரல் உடைந்து பாடலிலிருந்து விலகியிருந்தான். சிவப்பு அங்கி அவனுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. திருப்பலி தொடங்கும் வேளையில், தூபக் கலசத்தை ஏந்தி வந்தவன் பீடப் படியில் கால் தடுக்கிச் சரிந்தான். கனன்ற கரித்துண்டுகள் விரிப்பில் சிதறின. விரிப்பில் இரண்டு இடங்களில் ஓட்டை விழுந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

திருப்பலி முடிந்ததும் திருப்பொருள் அறையில், விருந்தினராக வந்திருந்த இரு குருக்கள் முன்னிலையிலும் மற்றச் சிறுவர்கள் முன்னிலையிலும் அவனைப் பார்த்து, “ஒட்டகம்போல வளர்ந்துவிட்டாய், உன் கால் எங்கே இருக்கிறது என்றாவது தெரியுமா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சென்றான். அதன்பிறகு அவன் பீடத்துக்கு வரவில்லை. சில ஞாயிறுகள் கழித்துக் கோயிலுக்கும் வரவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். கவனித்தேன். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபரில் சீசர் நொண்டத் தொடங்கிற்று. முதலில் முன் இடதுகால். மறைக்கல்விக்கு வரும் சிறுவர் எவரோ கல்லெறிந்திருக்க வேண்டுமென்று கோபித்துக்கொண்டேன். பத்து நாளில் அந்தக் கால் சரியாகி, பின் வலதுகால் நொண்டியது. அதன்பின் முன் வலதுகால். இரவில் முனகத் தொடங்கியது. சிரமப்பட்டுத் தூக்கி வண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். எடை முப்பது கிலோ. ஏழு மாதமே ஆன குட்டிக்கு அது முழு வளர்ச்சி பெற்ற நாயின் எடை.

மருத்துவர் இளம்பெண். நீண்ட எலும்புகளின் நடுப்பகுதியை ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் சீசர் வீறிட்டது. “இது அடிபட்ட நொண்டல் இல்லை ஃபாதர். பெரிய இனக் குட்டிகளுக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு வரும் எலும்பு வலி. காலுக்குக் கால் மாறும். தானே தணிந்துவிடும். என்ன கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். பெருமையோடு பட்டியலைச் சொன்னேன். டானிக் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்தினார்.

அவர் விளக்கிய செய்தியை என்னால் மறக்க இயலாது. குட்டியின் எலும்பு அதன் இரு முனைகளுக்கு அருகிலுள்ள மெல்லிய குருத்தெலும்புத் தட்டிலிருந்தே நீள்கிறது. உடலின் மிக மென்மையான இடங்களுள் அது ஒன்று. பெரிய இனங்களில் அந்தத் தட்டு முற்றிலும் இறுகி எலும்பாக ஓராண்டும் ஆகும், ஒன்றரை ஆண்டும் ஆகும். எல்லா எலும்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை; ஆகவேதான் கால் ஒரு மாதம் முந்துகிறது, மார்பு பிந்துகிறது. மார்பு நிறைந்து உடல் முழுமை பெற இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைத் தடுத்துவிடும். இளங்குட்டியின் குடலுக்கு அந்தத் திறன் இல்லை. கொடுத்ததில் பெரும்பகுதி உடலில் சேர்ந்து, எலும்பு உருவாகும் ஒழுங்கைக் குலைத்துவிடும். மிகை உணவோ இறுகாத மூட்டின்மேல் எடையை ஏற்றுகிறது. இடுப்பு மூட்டின் தளர்வு இந்த இனத்துக்குப் பரம்பரையாகவே வரக்கூடியது; மிகை உணவு அதை வளர்த்துவிடும்.

“இந்த வலி டானிக்கால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; நல்ல முறையில் வளர்ந்த குட்டிக்கும் வரும். ஆனால் நீங்கள் அவசரப்படுத்திய வளர்ச்சி அதற்கு உதவி செய்யவில்லை” என்றார். 2002-இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னார். 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றைவிட மற்றதற்கு நான்கில் ஒரு பங்கு குறைவாக உணவிட்டு, வாழ்நாள் முழுவதும் கவனித்தார்களாம். குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றின் மூட்டுகளும் நெடுங்காலம் கெடாமல் இருந்தன. சீட்டில் எழுதியது சிறிதே: டானிக் வேண்டாம், அளந்து உணவு, தடவினால் விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், படியேற்றமும் தாவுதலும் கூடாது. “கோணலாகத்தான் இருக்கும் ஃபாதர். கோணலாக இருக்க விடுங்கள்” என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. திண்ணையில் சீசர் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு நடுவே, ஆணியில் மாட்டப்பட்ட சிவப்பு அங்கி ஏனோ கண்முன் வந்து நின்றது. அதே படிகளில் ஐந்து மாத நாய்க்குட்டி விழுந்தபோது கனிவோடு சிரித்தவன் நான். பதினான்கு வயதுப் பிள்ளை விழுந்தபோது அவனது உடலையே குற்றமாக்கி அவன்மேல் சுமத்தினேன். அவனும் ஓராண்டில் ஒரு முழம் வளர்ந்தவன்தானே! அவன் காலின் நீளத்துக்கு அவன் இன்னும் பழகவில்லை. அவன் குரல் அவனுக்கே அந்நியமாகிவிட்டிருந்தது.

நாயையும் இறைச்சாயல் தாங்கிய பிள்ளையையும் ஒன்றாகப் பேசுவது சிலருக்கு உறுத்தலாம். எனக்கும் உறுத்தியது. ஆனால் குருத்துவக் கல்லூரியில் கற்ற ஒரு கிரேக்கச் சொல் அன்றிரவு திரும்ப நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் காணப்பட்ட நிகழ்ச்சியை முடிக்கும்போது, அவர் வளர்ந்ததை லூக்கா ‘ஹெலிக்கியா’ என்ற சொல்லால் குறிக்கிறார். அச்சொல்லுக்கு வயது என்றும் பொருள் உண்டு, உடலின் உயரம் என்றும் பொருள் உண்டு. அதன்பின் ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் நற்செய்தி மௌனம் காக்கிறது. அந்த மௌனத்துக்குள் ஒரு பதினான்கு வயது இருந்தது. அங்கி குட்டையாகிப்போன ஓர் ஆண்டு இருந்தது; குரல் உடைந்த மாதங்கள் இருந்தன. மனுவுருவானவர் முழு மனிதனாகவே பிறந்திறங்கவில்லை. ஒவ்வொரு வயதையும் புனிதப்படுத்தும்படி அவர் ஒவ்வொரு வயதையும் கடந்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே கற்பித்தவர் புனித இரனேயு. சீசர் பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2022 ஜனவரியில், திருத்தந்தை பிரான்சிஸ் அவரை மறைவல்லுநராக அறிவித்திருந்தார். அதைப் பற்றி நான் மறையுரையும் ஆற்றியிருந்தேன்.

திருவருகைக்காலத்தின் முதல் வாரத்தில் அந்தப் பையனின் வீட்டுக்குச் சென்றேன். அவன் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றான். அவன் தாயின் முன்னிலையிலேயே, “நான் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் தம்பி. என்னை மன்னித்துக்கொள்” என்றேன். “சாமி போய் மன்னிப்புக் கேக்கிறதா!” என்று அந்த அம்மா கண்கலங்கினார். அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “சீசருக்கு இப்ப கால் எப்படி இருக்கு ஃபாதர்?” என்று கேட்டான். அந்தப் புதிய குரலை அன்றுதான் நான் முழுமையாகக் கேட்டேன்.

அவன் மீண்டும் பீடச்சிறுவனாக வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கத் தொடங்கினான். சனிக்கிழமை மாலைகளில் சீசரைச் சமதரையில் நடக்க அழைத்துச் செல்வான். இருவரும் ஒருவரையொருவர் அவசரப்படுத்தாமல் நடப்பதைத் திண்ணையிலிருந்து பார்ப்பேன்.

பெற்றோர் பலர் என்னிடம் வருகிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகாலையில் ஒரு தனிவகுப்பு, மாலையில் ஒன்று, இரவில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு ஓர் ஒப்பீடு. அன்பினால்தான் கொடுக்கிறார்கள். நானும் அந்த டானிக்கை அன்பினால்தான் கொடுத்தேன். அந்த அன்பில் என் பெருமையும் கலந்திருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் விளங்கிற்று. உணவும் கண்டிப்பும் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறுகாத எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதை அறிந்து அளந்து கொடுக்கவேண்டும் என்பதையே சொல்கிறேன்.

ஒரு வயது முடிந்தபின் எடுத்த படத்தில், சீசரின் இடது இடுப்பு மூட்டில் சிறிது தளர்வு தெரிந்தது. அதில் பரம்பரையின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. குளிர்ந்த காலைகளில் எழும்போது அது இன்றும் சற்றுத் தயங்கியே எழுகிறது. மற்றப்படி, 2024 மார்ச்சில் இரண்டு வயது நிறைந்தபோது மார்பு நிறைந்து, முதுகு சீராகி, இரு காதுகளும் நிமிர்ந்து நின்றன. கோயில் தையற்காரரின் அளவுநாடாவை வாங்கி வந்து அளந்தவன் அந்தப் பையன்தான். தோள் உயரம் 63 சென்டிமீட்டர், உடல் நீளம் 71. “புத்தகத்துல உள்ள மாதிரியே வந்துட்டு ஃபாதர்” என்றான். நாம் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். அவன் சிரித்துக்கொண்டே நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தான்.