மணிவிழாவுக்கு வருவோர் காண வேண்டிய கடற்கரை

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், பெற்றோரின் அறுபதாம் ஆண்டு நிறைவு மணத்தைத் திருக்கடையூரில் நடத்துவதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். காலனிடமிருந்து மார்க்கண்டேயன் காக்கப்பெற்ற தலமென்பதால், அறுபதும் எண்பதும் அபிராமியம்மை சந்நிதியில் நிறைவேறுதல் பொருத்தமே. ஆனால், மும்பையிலிருந்தும் தில்லியிலிருந்தும் இரண்டு நாள் இரயிலில் வந்து சேரும் உற்றார் செய்வது யாது? காலையில் கலச நீராட்டு, பின்னர் மாங்கல்ய தாரணம், நண்பகலில் விருந்து. இலை எடுத்த கையோடு மயிலாடுதுறைக்கு வண்டியேறிவிடுகின்றனர். கடல் அண்மையிலிருந்தும் பிள்ளைகள் அதன் ஓசையைக்கூடக் கேளாது திரும்புகின்றனர். பாட்டன் பாட்டியின் மணவிழா இல்லையேல் இப்பிள்ளைகள் இச்சீமைக்கு வரப்போவது எப்போது?

சென்ற மணிவிழாவின்போது நாம் ஓரிரவு கூடுதலாகத் தங்கினோம். மறுநாள் விடியுமுன் முதியோரும் சிறுவருமாகத் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டோம். தெற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர்தான். கிழக்குக் கடற்கரையாதலால் கதிரவன் கடலிலிருந்து எழுவதைக் காணலாம்; மாலையில் சென்றால் அக்காட்சி கிட்டாது. வெயில் ஏறுமுன் ஊரைச் சுற்றிவரவும் காலையே ஏற்றது.

தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-இல், டென்மார்க்கு நாட்டார் எழுப்பிய டான்சுபோர்க் கோட்டை கடலை நோக்கி நிற்கின்றது. ஊரின் நுழைவாயில் 1792-இல் கட்டப்பெற்றது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஓர் ஊரை வீட்டைப்போல விற்கவும் வாங்கவும் முடிந்த காலம் அது!

கோட்டையினும் நம் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கது அச்சின் கதையே. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி வெளிவந்தது. தமிழ் அச்சே இங்குதான் பிறந்ததென்று சிலர் கூறுவர், அது மிகை. கொல்லத்தில் 1578-லேயே தமிழ் எழுத்தில் நூல் அச்சாயிற்று. எனினும் காகிதம் போதாதபோது அதனையும் இங்கேயே செய்ய முற்பட்டனரே, அம்முயற்சி பெரிது. பொறையாற்றை அடுத்த கடுதாசிப்பட்டறை என்னும் ஊர்ப்பெயர் அதற்குச் சான்று. 1718-இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்துள்ளனர். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பிள்ளைகள், அயல்நாட்டார் ஒருவர் இம்மொழியைக் கற்ற ஊரில் ஒருமணி நேரம் நிற்பது நல்லது. இதைக் கேட்ட எம் சிறுவருள் ஒருவன் வீதிப் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினான்.

கோட்டைக்கு வடபால் மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் பாண்டியன் குலசேகரன் காலத்தில் எழுந்தது. முன்மண்டபங்களை அலைகள் கொண்டுபோயின. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கிப் பல உயிர்களைக் கவர்ந்தது. ஆதலின், பிள்ளைகள் கரையில் நின்று காண்பதோடு அமைக. இக்கடலில் நீராட விடலாகாது.

பொழுதிருப்பின் வடக்கே பூம்புகாருக்கும் செல்லலாம். காவிரி கடலொடு கலக்குமிடம் அது. பெரிய மாளிகைகளை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். ஆற்றின் மெலிந்த முகத்துவாரமும் மீனவர் படகுகளுமே கண்ணிற்படும். கண்ணகி பிறந்த ஊரென்று அறிந்தவர்க்கு அதுவே போதும். பல்லவனேச்சரத்தில் அகழ்ந்தெடுத்த புத்த விகாரத்தின் செங்கல் அடித்தளத்தையும் கண்டு வரலாம்.

முதியோருக்கு நடை அதிகமாகாதவாறு தரங்கம்பாடியில் வண்டியைக் கோட்டையருகே கொண்டுசெல்க. குடிநீரும் குடையும் உடனிருக்கட்டும். மண்டபத்தையும் அறைகளையும் பேசும்போதே, மறுநாள் நண்பகல்வரை வேண்டுமென்று முன்னதாகச் சொல்லிவைப்பது நலம்; முகூர்த்த மாதங்களில் அங்கு இடம் கிடைப்பது அரிது.