பள்ளத்தாக்கில் ஒலிக்கும் சொல்



ராப் பாடல்களைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: "அதையெல்லாம் கேட்காதே." பிள்ளைகளோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன் சென்ற விடுமுறைக்கு ஆண்டிபட்டி வந்திருந்தபோது, "அத்தா, அநியாயத்தைக் கண்டித்துப் பாடினாலும் தவறா?" என்று கேட்டான். ஒரு வாக்கியத்தில் விடை சொல்லித் தீர்க்கக்கூடிய கேள்வியன்று அது.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை; நான் பேச விரும்புவது சொல்லைப் பற்றி மட்டுமே. கவிஞர்களின் பெயரால் அமைந்த அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனங்களில், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் நோக்கமின்றி அலைபவர்களையும் செய்யாததைச் சொல்பவர்களையும் அல்லாஹ் கண்டிக்கிறான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அல்லாஹ்வை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின்னர் தம்மைத் தற்காத்துக்கொள்வோரை விலக்கி வைக்கிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுத்ததும் இந்த விதிவிலக்கின் விளக்கமே.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ராப் வரலாற்றைப் பார்ப்போம். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தையே ஹிப்ஹாப்பின் பிறப்பாகச் சொல்வார்கள். தொடக்கத்தில் அது கொண்டாட்டப் பாட்டு. 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' வெளிவந்தபோது, கைவிடப்பட்ட நகரத்தின் வறுமை அதற்குள் நுழைந்தது. மோஸ் டெஃப் என்று அறியப்பட்ட முஸ்லிம் கலைஞர் யாஸீன் பே, 1999-இல் தம் முதல் தனித்தொகுப்பை பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கினார். அதே தொகுப்பில் தண்ணீர் மாசுபடுவதையும் விலைப்பொருளாவதையும் பற்றி ஒரு முழுப்பாடல் உண்டு.

தண்ணீர் என்றதும் நம் மலை நினைவுக்கு வருகிறது. ஆண்டிபட்டியிலிருந்து வடக்கே தெரியும் மலைத்தொடரின் மேல் இருக்கிறது கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களிலிருந்து அங்கே இயங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய பொருள் கடையில் குவிந்துகிடப்பதை மக்கள் வெளிப்படுத்தியதையடுத்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. அதன் அருகிலுள்ள பாம்பாறு சோலையின் நீர் கும்பக்கரை வழியாக இறங்கி வைகைப் படுகையைச் சேர்கிறது. மேலே சிந்தியது மேலேயே நின்றுவிடுவதில்லை.

ஆலையில் வேலை செய்தவர்கள் தங்கள் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றார்கள். நிறுவனம் அதை ஏற்கவில்லை. தெருவிலும் நீதிமன்றத்திலும் ஆண்டுகள் கழிந்தன. 2015 ஜூலை இறுதியில், சென்னையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சோஃபியா அஷ்ரஃப் இதை ராப் பாடலாகப் பாடி வெளியிட்டார். சில நாட்களில் இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்ற வழக்காடல் அதன் பின்னும் நீண்டது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சோஃபியா எடுத்துக்கொண்ட மெட்டு, நிக்கி மினாஜ் பாடிய ஆபாசமான ஒரு பாடலுக்குரியது. அதே தாளம், அங்கே உடலை விற்கும் சொற்கள், இங்கே உழைத்தவனின் உரிமையைக் கேட்கும் சொற்கள். இரண்டாவது, அந்தப் பாடல் மட்டுமே வெற்றி தேடித் தரவில்லை. பாடல் வருவதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் தொழிலாளர்கள் மனம் தளராமல் நின்றார்கள். பாடல் அவர்களின் குரலைத் தொலைவுக்குக் கொண்டுசென்றது. செயலோடு சேர்ந்த சொல்லுக்கே எடை உண்டு.

இன்றைய தமிழ் ராப்பிலும் இரு வகையும் உண்டு. காரையும் காசையும் புகழ்ந்து, பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் ஏராளம். மறுபுறம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' எழுதினார் அரக்கோணத்தின் அறிவு. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டம் செல்லும் பெண்களை அன்றாடம் காணும் நமக்கு அது அந்நியக் கதையன்று. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபோதும் அறிவு அதை எதிர்த்துப் பாடினார். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் நமக்காகக் குரல் கொடுத்தார். அப்படியானால் தோட்டத் தொழிலாளிக்காகவும், சாதியால் ஒதுக்கப்பட்டவருக்காகவும் நம் நாவு அசைய வேண்டாமா? நமக்கும் நம் பெற்றோருக்கும் எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு அல்லவா குர்ஆன் பணிக்கிறது!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் பாடலின் சொற்களை ஒருமுறை அவனோடு அமர்ந்து கேளுங்கள். இது யாருக்காகப் பேசுகிறது? சொல்வது உண்மையா? யாரையேனும் இழிவுபடுத்துகிறதா? இந்த மூன்றையும் அவனிடமே கேளுங்கள். ஹராமான சொல்லை அவனே இனங்கண்டு ஒதுக்கக் கற்றுக்கொள்வான். நீதியான சொல்லாயின், அதற்காகத் தன்னால் என்ன செய்ய இயலும் என்றும் யோசிப்பான். செய்யாததைச் சொல்பவர்களைப் பற்றிய எச்சரிக்கை, கேட்டுத் தலையாட்டிவிட்டு எழுந்துபோகும் நமக்கும் உரியதே.

உண்மையை உரைக்கும் நாவையும், உரைத்தபடி நடக்கும் உறுதியையும் அல்லாஹ் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.