பள்ளம் இல்லை, கல்

எங்கள் புதுச்சேரியில் நடைபாதையைப் பலரும் பிளாட்பாரம் என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது இன்றைக்கும் 'த்ரொத்துவார்'. திக்தே வகுப்பில் அந்தச் சொல்லுக்கு நடுவே இரண்டு 'தே' போட மறந்து வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்கிறேன். அறுபது வருஷம் கழித்து அதே த்ரொத்துவாரிடம் இன்னொரு அடி வாங்கினேன். இந்த முறை அடி காருக்கு விழுந்தது.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு ராத்திரி. வில்லியனூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து நானும் மனைவியும் முத்தியால்பேட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஒன்பதரை இருக்கும். இந்திரா காந்தி சிலையைத் தாண்டி ராஜீவ் காந்தி சிலை பக்கமாக வரும்போது எதிரே ஒரு வண்டி ஹை பீம் போட்டபடி வந்தது. ஈரச் சாலை முழுக்க வெளிச்சம். ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கினேன். தடால் என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை உதறிவிட்டுத் திரும்பியது. முன்பக்க இடது சக்கரம் நடைபாதைக் கல்லில் மோதி, பாதி ஏறி, இறங்கிவிட்டது.

"என்னங்க, எதுல இடிச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல, பள்ளம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கல்லில் இடித்தால் ஓட்டியவன் குற்றம், பள்ளத்தில் இறங்கினால் ரோடு போட்டவன் குற்றம். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எந்தத் தவறை எந்தத் துறைக்குத் தள்ளலாம் என்பது தூக்கத்திலும் தெரியும்.

காலையில் யாரும் எழுவதற்குள் போய்ப் பார்த்தேன். வீல் கப் காணோம். ரிம்மின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. டயர் வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காற்றும் இறங்கவில்லை. ஓட்டிப் பார்த்தால், வண்டி நேராகப் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைச் சற்று வலது பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருந்தது. கையை லேசாக விட்டால் இடது பக்கம் இழுத்தது.

டயர் கடைக்குப் போய் அலைன்மெண்ட் பார்க்கச் சொன்னேன். அங்கிருந்த பையன் மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். மூன்று சக்கரங்களுக்கு நேரே பச்சை, இடது முன் சக்கரத்துக்கு நேரே சிவப்பு. "சார், இது செட் ஆகாது. உள்ள ஏதோ வளைஞ்சிருக்கு. மெக்கானிக்கைப் பாருங்க" என்றான். நான் அந்தத் தாளை நான்காக மடித்து, காரின் டாஷ்போர்டு அறையில் வைத்து மூடினேன். கோப்பில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது எங்கள் தலைமுறை ஆபீஸ் வியாதி.

அதற்குப் பிறகு பதினாறு நாள் அந்தக் காரை ஓட்டினேன். ஓட்டியது மட்டுமில்லை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பேத்தியை லாஸ்பேட்டையில் டியூஷனுக்கு அதில்தான் கொண்டுபோய் விட்டேன். அவள் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவாள், இடது பக்கம்.

பதினேழாம் நாள், மறுநாள் குடும்பத்தோடு சிதம்பரம் போவதாக ஏற்பாடு. தூரப் பயணம் ஆயிற்றே என்று எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் ஆயில் பார்க்க விட்டேன். அந்தத் தம்பி சும்மா பார்ப்பவன் இல்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவினான். முகம் மாறியது.

"ஐயா, இங்க கை வெச்சுப் பாருங்க."

டயரின் உள்பக்கச் சுவரில், வெளியே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து ஒட்டியதுபோல ஒரு வீக்கம்.

அவன் விளக்கினான். டயரின் பக்கச் சுவருக்குள் நூல் இழைகள் உண்டு. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த இழைகள்தான், ரப்பர் இல்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது இழைகள் அறுந்துவிடும். பிறகு அந்த இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால்தான் வீங்குகிறது. இதற்கு ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில், சூட்டில், முன் டயர் வெடித்தால் என்ன ஆகும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இதுலயா ஐயா பாப்பாவக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவ்வளவுதான் கேட்டான். மேலதிகாரிகளிடம் எத்தனையோ மெமோ வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மேலும் பார்த்ததில் லோயர் ஆர்ம் வளைந்திருந்தது, டை ராட் முனை ஆட்டம் கொடுத்தது. பள்ளத்தில் விழுந்தால் அடி கீழிருந்து மேலே போகும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் இருக்கின்றன. நடைபாதைக் கல்லில் இடித்தால் அடி பக்கவாட்டில் வருகிறது. அதைத் தடுக்க அங்கே ஸ்பிரிங் இல்லை. சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் ஆர்மும், திருப்பும் ராடும்தான் நேராக வாங்கும். ஆர்ம் வளைந்திருக்கும்போது எத்தனை முறை அலைன்மெண்ட் செய்தாலும் பயனில்லை. டயர் கடைப் பையன் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

டயர் இரண்டு 5,800 ரூபாய். ஒரே அச்சில் ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாகப் போடக்கூடாது என்றான். தவிர மற்ற டயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினான். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 1917 என்றிருந்தது. 2017-ஆம் ஆண்டின் 19-ஆம் வாரம் செய்த டயர். இத்தனை வருஷம் அதைக் கழுவித் துடைத்தும் ஒருநாளும் படிக்கவில்லை. ரிம் 1,250, லோயர் ஆர்ம் 1,400, டை ராட் முனை 450, கூலி 1,300, அலைன்மெண்ட், பேலன்சிங் இரண்டும் 600. மொத்தம் 10,800 ரூபாய்.

இன்ஷூரன்ஸ் கேட்கலாமா என்று கணக்குப் போட்டேன். டயருக்குப் பாதிதான் தருவார்கள். கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் வேறு. வருஷக்கணக்காகச் சேர்ந்து 50 சதவீதமாகியிருந்த நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்தை உடனே தெரிவிக்க வேண்டும். நான் பதினாறு நாள் விட்டிருந்தேன். 'தாமதமாகப் பெறப்பட்டது' என்று எத்தனை பேருடைய மனுவில் முத்திரை குத்தியிருப்பேன்! கைப்பணத்தையே கொடுத்தேன்.

வீட்டுக்கு நடந்து வந்து மனைவியிடம் சொன்னேன். சிதம்பரம் நாளைக்கு இல்லை என்பதை முதலிலும், பள்ளம் இல்லை, கல் என்பதைப் பிறகும். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எனக்கு அன்னைக்கே தெரியும். பள்ளம்னா சத்தம் கீழேருந்து வரும். இது என் கதவுப் பக்கமா வந்துச்சு. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைய ஏத்திட்டுப் போறது இவ்வளவு ஆபத்துன்னு தெரிஞ்சிருந்தா இருந்திருக்க மாட்டேன்" என்றாள். அன்று ராத்திரி வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் அவள்தான் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம். எதிர் வண்டி வெளிச்சம் சிதறிப் பரவி எல்லாவற்றையும் மறைப்பது அதனால்தான் என்றார் டாக்டர். அது ஒன்றும் அன்றைக்குத் திடீரென்று வந்ததில்லை. ஒரு வருஷமாகவே விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

லைசென்ஸ் புதுப்பித்தபோது படிவம் 1-ஐ நானே நிரப்பினேன். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட் தெரிகிறதா என்று ஒரு கேள்வி. தெரிகிறது, உண்மைதான். அதே படிவத்தில் மாலைக்கண் உண்டா என்றும் ஒரு கேள்வி. 'இல்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அதுவும் பொய்யில்லை, எனக்கு இருப்பது மாலைக்கண் இல்லை, புரை. கேள்விக்கு மட்டும் பதில் எழுது, அதிகமாக எதுவும் எழுதாதே என்பது ஆபீஸில் சீனியர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது கண் அடுத்த மாதம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பேத்தி டியூஷனுக்கு ஆட்டோவில் போகிறாள்.

என் வயது நண்பர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. சக்கரம் கல்லில் இடித்தால், வெளியே கீறல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, அன்றே மெக்கானிக்கிடம் விடுங்கள். அலைன்மெண்ட் கடையில் சிவப்பில் ஒரு தாள் கொடுத்தால் அதை மடித்து வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எதில் இடித்தது என்று கேட்டால், கல் என்றே சொல்லிவிடுங்கள்.