திருப்புல்லாணிப் பாதையில் பழைய பெட்ரோல் கார்… முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை!

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருப்புல்லாணி. ஆதி ஜெகநாதப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர். வழியெங்கும் பனையும் சீமைக் கருவேலமும்தான். கோயிலைத் தாண்டி 4 கிலோமீட்டர் போனால் சேதுக்கரை. சாலை கடலில் போய் முடிகிறது. ஆடி, தை அமாவாசைகளில் இங்கே நீராட வரும் கூட்டத்தோடு வண்டிகளும் கரையோரம் வரிசைகட்டும்.

நெல்லும் மிளகாயும் விற்ற காசில், கூடவே நகையையும் அடகு வைத்து, ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் உண்டு. ஆஸ்பத்திரி, கல்யாணம், கோயில் எல்லாவற்றுக்கும் அதுதான். இன்ஜின் போய்விட்டால் ஒரு வெள்ளாமைப் பணமே போய்விடும்.

உவர்நீர் செய்யும் வேலை

மாவட்டத்தின் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைப்பதை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அங்கேயும் அதுதான் நடக்கும். மெல்லிய குழாய்கள் அடைபடும், உள்ளே துருப்பிடிக்கும். கார் ஊருக்குள் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டு, ஐந்து பேரோடு ராமேஸ்வரம் கிளம்பும்போதுதான் டெம்பரேச்சர் முள் மேலே ஏறும்.

அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். தண்ணீரும் ஆயிலும் கலக்கும். சின்னச் செலவு பெரிய செலவாவது இப்படித்தான். முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

சிலர் சூட்டைக் குறைக்க தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றிவிடுவார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அடைப்பு அப்படியே இருக்கும்.

பாம்பன் சொல்லும் பாடம்

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பை உப்புக்காற்று அரித்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பெயின்ட்டும் பயன்படுத்தப்பட்டன. பாலத்துக்கே இந்த நிலை என்றால், காரின் அடிப்பாகம் எம்மாத்திரம்? தனுஷ்கோடி, சேதுக்கரை போய் வந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பேட்டரி முனை, எர்த் ஒயர் ஆகியவற்றில் பச்சையாகப் பூத்திருந்தால், ஸ்டார்ட்டிங் தகராறும் மிஸ்ஸிங்கும் அங்கிருந்தே வரலாம்.

வாங்கும் முன்…

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். ரேடியேட்டரில் நிறமுள்ள கூலன்ட் இருக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் என்றால் உஷார். ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெண்மை திரண்டிருந்தால், கேஸ்கெட்டைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்டார்ட் செய்ததும் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், கூலன்ட் உள்ளே கசிகிறது. ஏ.சி. போட்டு 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். முள் நடுவைத் தாண்டக் கூடாது.

டைமிங் பெல்ட் உள்ள வண்டியா என்று கேளுங்கள். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், உடனே மாற்றும் செலவையும் விலையில் கழியுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும். அடிப்பக்கம் மட்டும் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால், ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள், துருவை மறைத்திருக்கலாம்.

வாங்கிய பிறகு, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து நிரப்புங்கள். அவசரத்துக்குப் போர் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் அதை முழுவதும் வடித்துவிடுங்கள்.