பன்னீர் திராட்சையின் சிவப்பு: சில குறிப்புகள்

காரைக்குடிப் பக்கம் ஒயின் என்று பேச்செடுத்தால் உடனே நாசிக்கைத்தான் சொல்கிறார்கள். ஷிராஸ், கேபர்னே என்று ரகத்தின் பெயரும் தெரிந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கு நாசிக்கை விட எவ்வளவோ பக்கம். அங்கே விளையும் கறுப்புத் திராட்சை நம் பழக்கடைகளில் வருஷம் முழுக்கத் தொங்குகிறது. அதிலும் ஒயின் செய்யலாம் என்றால் ஆச்சரியப்படுகிறார்கள்.

*

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் இந்த ரகத்தை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஸ்யூவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் 1850 வாக்கில் கண்ணாடிக் கூடத்தில் உருவாக்கியது. தாய்தந்தை இரண்டும் பழைய ரகங்கள்: பிளாக் ஹாம்பர்க், மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. பின்னாளில் மரபணுச் சோதனையும் இதையே உறுதி செய்தது.

ஆனால் 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்றுதான் இங்கே எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது வேறொரு மஸ்கட்டாக இருந்து, இந்த ரகம் பின்னால் வந்து அதே பெயரில் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். பாதிரியார் கொடி கொண்டுவந்ததை நம்பத் தடையில்லை. திருப்பலிக்கு வைக்கும் ஒயின் திராட்சையிலிருந்து மட்டுமே வரவேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. கப்பலை நம்பிக் காத்திருப்பதை விட வாசலில் ஒரு பந்தல் போடுவது மேல்.

*

ஒரு பழத்தை விரலால் நசுக்கிப் பார்த்தால் விஷயம் புரியும். தோல் கருநீலம், மேலே வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உள்ளே சதை வெளிர்பச்சை. வழியும் சாற்றில் சிவப்பே இல்லை. நிறம் அத்தனையும் தோலில்தான். அதனால் சிவப்பு ஒயினுக்குச் சாற்றோடு தோலையும் சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். பொங்கும்போது தோல் மேலே மிதந்து கெட்டியாகப் படியும். அதை அடிக்கடி உள்ளே அமுக்கிவிட வேண்டும். மேலேயே கிடந்தால் காய்ந்து புளித்துப்போகும்.

பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. துவர்ப்பும் குறைவு. நிறத்துக்கு ஆசைப்பட்டு அதிக நாள் ஊறவைத்தால் விதையின் கசப்பு இறங்கிவிடும். இதைக் கேபர்னே மாதிரி அடர்த்தியாக்க நினைப்பது வீண். மாதுளைச் சாறு அளவுக்குச் சிவந்தால் போதும். இதன் சொத்து வாசனை.

*

நல்ல ஒயினுக்கு முட்டுக்கட்டை ஆலையில் இல்லை, அறுவடை நாளில் இருக்கிறது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். சந்தைக்கு லாரி ஏற்றும் பழத்தைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டுகிறார்கள், வழியில் நசுங்கக்கூடாது என்று. ஒயினுக்கோ சர்க்கரை ஏறக் கொடியிலேயே இன்னும் சில நாள் விடவேண்டும். அந்தச் சில நாளில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும், அழுகும், மொத்த மகசூலும் போகும். அந்த ஆபத்துக்கு யாரும் காசு கொடுக்காதபோது விவசாயி ஏன் காத்திருக்கவேண்டும்? ஒயினில் சர்க்கரை சேர்த்துச் சரிக்கட்டுவதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாததால் வருவது.

*

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும். கம்பத்தில் தூக்கமே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும். ஒரு பந்தலில் பூ, பக்கத்துப் பந்தலில் பிஞ்சு, அடுத்ததில் அறுப்பு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பழ வியாபாரத்துக்கு இது வரம். ஒயினுக்கு, மழையில்லாத மாதங்களில் முற்றும் அறுப்பை மட்டும் பொறுக்கி எடுக்கவேண்டும்.

*

இந்தத் திராட்சைக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் தண்ணீர் வழியில் ஒரு உறவு உண்டு. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு மேற்கே போன நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் சேர்கிறது. அதே வைகை சிவகங்கை மாவட்டத்தில் கீழடியைத் தொட்டுக்கொண்டு போகிறது.

இன்னும் கீழே, வைகை கடல் சேரும் பக்கத்தில் அழகன்குளம். அங்கே அகழாய்வில் ரோமானிய ஆம்போரா ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் ஏற்றிவந்த ஜாடிகள். பாண்டியன் நன்மாறனைப் பாடிய நக்கீரர், புறநானூறு 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊற்றித் தர அவன் குடிப்பதைச் சொல்கிறார். ஒயின் நமக்கு வெள்ளைக்காரன் பழக்கிய பண்டம் என்பவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை படிக்கட்டும்.

*

உப்புக்கறியோடு குடித்துப் பார்த்தேன். சிறிய அளவில் செய்த பன்னீர் திராட்சை ஒயின், தித்திப்பு லேசாக மட்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெயில் சுண்டிய கறி. துவர்ப்பும் ஆல்கஹாலும் ஏறிய ஒயின் மிளகாய்க் காரத்தைக் கிளறிவிடும். நாக்கு எரியும், கறியின் ருசியும் போகும். இது அப்படிச் செய்யவில்லை. காரம் அடங்கியதும் ரோஜா வாசனை மேலே வந்தது. கல்பாசி போட்ட கோழிக் குழம்புக்கும் சரிப்பட்டது. மீனுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்பது ஐரோப்பியர் தங்கள் அறைக்குச் சொன்னது. காரைக்குடிச் சித்திரை மாதத்து அறையில் அது கஷாயம். பரிமாறும் முன் அரை மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த பழைய வீட்டின் உள்ளறை குளுமைதான், ஆனால் பாட்டிலை மாதக்கணக்கில் வைக்க அந்தக் குளுமை போதாது.

*

சீனாவில் தியான்ஜின் நகரில் 1980இல் ரெமி மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து டைனஸ்டி ஒயின் ஆலையைத் தொடங்கியபோது, அவர்கள் கையில் எடுத்தது இதே மஸ்கட் ஹாம்பர்க்தான். வெள்ளை ஒயின் செய்தார்கள். பக்கத்தில் விளைந்த பழத்தை நம்பித் தொடங்கினார்கள்.

*

செட்டிநாட்டில் விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஒயின் பட்டியலில் பன்னீர் திராட்சைக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். ஆலைக்காரர்கள் பாட்டில் லேபிளில் ரகத்தின் பெயரையும் தோட்டத்தின் ஊரையும் அறுத்த மாதத்தையும் அச்சிடட்டும். கொடியில் கூடுதல் நாள் விட்ட விவசாயிக்கு அந்த நாட்களுக்கும் சேர்த்து விலை கொடுங்கள்.