காஜா

ஞாயிறு காலை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஏழு பேர் கூடுவோம். 'இதையெல்லாம் யார் சார் வாங்குவாங்க?' என்று பதிப்பகங்கள் திருப்பிவிட்ட கையெழுத்துப் பிரதிகளுக்கு ஒரு வழி பண்ணுவது எங்கள் வேலை. வழி பழையதுதான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்ற உ.வே.சா. வாங்குவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். தி.நகரில் லக்ஷ்மி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டமும் உறுப்பினர்களை நம்பிப் புத்தகம் போட்டது. நாங்கள் தலைக்கு 300 ரூபாய் வாங்கினோம். 200 பேர் சேர்ந்ததும் அச்சு.

முதலில் வந்தது ஒரு தையல்காரரின் நோட்டு. ரங்கநாதன் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நாற்பது வருஷம் ஜாக்கெட் தைத்தவர். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஒரு துண்டுத் துணி, துருப்பிடித்த குண்டூசியோடு. ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்தில் தைத்த அளவு, பிள்ளை பிறந்தபின் பிரித்துவிட்ட அளவு, இருபது வருஷம் கழித்து அதே ஜாக்கெட்டை அவள் மகளுக்குப் பிடித்துக் கொடுத்த அளவு. எண்களும் இரண்டொரு வார்த்தையும்தான். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவ்வளவு பிடித்ததைத்தான் நான் கெடுத்தேன். செப்பனிடுகிறேன் என்று இரண்டு மாதம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து 'காஜா'வைப் பொத்தான்துளை ஆக்கினேன். 'கிராஸ் கட்டிங்' குறுக்கு வெட்டு ஆனது. 'கை பத்தே கால், அக்குள்ல பிடிக்கும், விட்டுத் தை' என்பதை இலக்கணம் பிசகாத மூன்று வாக்கியமாக நீட்டினேன்.

மெய்ப்பை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலு பக்கம் படித்தார்.

"நல்லாருக்கு சார். யார் எழுதுனது?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தை 1976-இல் கரிசல் பேச்சு மணக்க வெளியிட்டதும் அதே வாசகர் வட்டம்தான். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித்தான் நான் எல்லோரிடமும் பணம் வாங்கியிருந்தேன். தையல்காரர் முன்னால் நிற்கவே கூசியது.

பணம் கொடுத்தவர்களுக்கு நானே போன் பண்ணி, என் தப்பால் புத்தகம் தாமதமாகும் என்று சொன்னேன். நோட்டை முதலிலிருந்து தட்டச்சு செய்தோம். அடுத்த மெய்ப்புக்கு அவரே பூங்காவுக்கு வந்தார். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் பொத்தான்துளை தப்பிக் கிடந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதை அடித்துவிட்டு, மேலே 'காஜா' என்று எழுதினார்.