ஒரே விளக்கு... ரெண்டு வெளிச்சம்! - வானத்தில் ஒரு டூப்ளிகேட் வேட்டை

1979-ம் வருடம். அமெரிக்காவின் கிட் பீக் மலையில், டென்னிஸ் வால்ஷும் அவர் சகாக்களும் அருகருகே தெரிந்த இரண்டு ஒளிப்புள்ளிகளின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். நிறமாலை என்பது ஒளியின் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல இன்னொன்று இருக்கவே இருக்காது. ஆனால், இங்கே இரண்டும் ஒரே மாதிரி!

காரணம், அங்கே இருந்தது ஒரே ஒரு குவாசர்தான். தொலைதூர கேலக்ஸியின் நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளை, வாயுவை விழுங்கும்போது எழும் பெரும் வெளிச்சம் அது. வழியில் இன்னொரு கேலக்ஸி குறுக்கே நின்றால், அதன் ஈர்ப்பு விசை ஒளியை வளைத்து இரண்டு, நான்கு எனப் பிம்பங்களாகக் காட்டும். கண்ணாடி டம்ளரின் அடிப்பாகம் வழியே விளக்கைப் பார்த்தால் சுடர் நெளிந்து சிதறுமே, கிட்டத்தட்ட அதுபோல. 1936-ல் ஐன்ஸ்டீன் இதைக் கணக்குப் போட்டார். ஆனால், ஒரு நட்சத்திரம் இப்படி வளைப்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பே இல்லை என்று கைவிரித்துவிட்டார். கேலக்ஸிகளை வைத்துப் பார்க்கலாம் என்று அடுத்த வருடமே சொன்னவர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. அவர் கணிப்பு பலிக்க 42 வருடங்கள் ஆயின.

இப்போது அந்த வேட்டை, 2013-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் தந்த தரவுகளுக்குள் நடக்கிறது. அதன் பட்டியலில் சுமார் 180 கோடி புள்ளிகள். சிக்கல் என்னவென்றால், நம் பால்வெளியிலேயே பக்கத்தில் பக்கத்தில் தெரியும் நட்சத்திர ஜோடிகள் ஏராளம். அவைதான் ஆய்வாளர்களை அதிகம் ஏமாற்றுபவை. ஆனால், நட்சத்திரம் துளியாவது நகரும். குவாசர் இருக்கும் தூரத்துக்கு அது அசையாத மாதிரியே தெரியும். அசைவை வைத்து முதலில் வடிகட்டுவார்கள், பிறகு நிறத்தை ஒப்பிடுவார்கள். இப்படி 2023 அக்டோபரில் வெளியான பட்டியலில் தேறியவை 381. அதிலும் உறுதிக்கு மிக அருகில் இருப்பவை சுமார் 50-தான்!

இத்தனை மெனக்கெடல் எதற்கு? வால்ஷ் கண்ட குவாசர் மின்னினால், ஒரு பிம்பத்தில் தெரிந்த மின்னல் அடுத்த பிம்பத்தில் 417 நாள்கள் கழித்துத்தான் தெரியும். இரண்டு ஒளிப்பாதைகளின் நீளமும், வழியில் உள்ள ஈர்ப்பும் வேறு வேறு என்பதால் வரும் தாமதம் இது. இந்தத் தாமதத்தை அளந்தால் பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிடலாம். அந்த வேகத்தில்தான் இன்று பஞ்சாயத்தே! ஆதிகால ஒளியை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 67, நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 73. எது சரி என்று சொல்ல, இந்த இரண்டு வழிகளையும் சாராத மூன்றாவது சாட்சி வேண்டும்.

கையா 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அது சேகரித்த தரவில் பெரும்பகுதி இன்னும் வெளிவரவில்லை. சந்தேகப் பட்டியலில் இருப்பவையோ, பூமியில் உள்ள பெரிய தொலைநோக்கிகள் தங்கள் பக்கம் திரும்ப வரிசையில் காத்திருக்கின்றன.